யாருடைய திறப்பு இது?

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. சில நாட்களில் அதில் எங்களுடையதல்லாத ஒரு திறப்பு, யாரோ ஒருவரின் சாவி, தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டால், "ஆர்ட திறப்பு இது?" என்று கேட்பார்கள்.

"தெரியாது. இனித்தான் கண்டுபிடிக்கோணும்" என்பாள் என் மகள்.

அவளுக்குப் பத்து வயது. அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமில்லை. எங்கள் வீட்டு வெட்கம் முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது.

அவளுக்கு வலிப்பு நோய். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. முன்பு கத்தி, பாக்குவெட்டி என்று எது கிட்ட இருந்ததோ அதைக் கொடுப்பார்களாம். இப்போது தெருவில் போகிறவரின் சட்டைப் பையில் இரும்பு என்று இருப்பது திறப்பு ஒன்றுதான். அதனால் என் மகள் எங்கே விழுந்தாலும் யாராவது ஓடிவந்து தன் திறப்பை அவள் கைக்குள் திணித்துவிடுவார். அவள் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பதற்றத்தில் எல்லோரும் திறப்பை மறந்துவிடுவார்கள். அவள் அதோடு வீட்டுக்கு வந்து சேர்வாள்.

அதைத் திருப்பிக் கொடுக்கப் போவது என் வேலை. நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு கடற்கரைதான். உடைந்த பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறேன். படகு கேள்வி கேட்காது, அது எனக்குப் பிடிக்கும். கலியாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பது யாரென்று பார்க்காமலே சாப்பிட்டு எழும்பி வந்துவிடுவேன். அன்புவழிபுரத்தில் பல வருடங்கள் இருந்தும் நான் வாசல்படி ஏறிய வீடுகள் மிகக் குறைவாக இருந்தன. அந்தத் திறப்புகள்தான் என்னை வீடு வீடாக அனுப்பின.

முதலில் வந்தது ஓர் ஓட்டோவின் திறப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், சந்தியில் ஓட்டோக்கள் நிற்கும் இடத்தில் அவள் விழுந்திருக்கிறாள். முன்னால் நின்ற ஓட்டோக்காரத் தம்பி பாய்ந்து வந்து தன் திறப்பையே அவள் கையில் வைத்திருக்கிறார். வலிப்பு நின்றதும் அவளைத் தூக்கித் தன் ஓட்டோவில் படுக்க வைத்துவிட்டு, முன்னால் ஏறி இருந்து பையைத் தடவியிருக்கிறார். திறப்பு இல்லை. அது பின்னால், பிள்ளையின் கைக்குள் இருக்கிறது. விரலைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் கடற்கரையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது எங்கள் வாசல் படலைக்கு முன்னால் அந்த ஓட்டோ நின்றது. மற்ற இரண்டு ஓட்டோக்காரர்கள் வேர்த்து ஒழுகியபடி வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றார்கள்.

"ஏன் தம்பி, உங்கட ஓட்டோவில ஏத்தியிருக்கலாமே?" என்று அவர்களிடம் என் மனைவி கேட்டாள்.

"நாங்கள் சொன்னனாங்கள் அக்கா. இவர் விட்டாத்தானே! தான் ஏத்தின பிள்ளை தன்ட ஓட்டோவிலதான் போகுமாம். சந்தியில இருந்து தள்ளிக்கொண்டு வந்தனாங்கள்."

"ஓட்டோ ஓடுறானாம், ஆனா நாங்கள்தான் ஓடினனாங்கள்" என்றார் மற்றவர்.

அந்தத் தம்பி எங்கள் கதிரையில் நுனியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் பாயில் நித்திரை. கை இன்னும் மூடியிருந்தது. அவள் கண் விழித்ததும் முதலில் தன் கையைத்தான் பார்த்தாள்.

"ஆர்ட இது?"

"என்ட, தங்கச்சி. தந்தியெண்டா நான் உழைக்கப் போவன்."

"எனக்கு வந்ததா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஓம்" என்றார்.

"எங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். எந்த இடத்தில் விழுந்தாள், புத்தகப் பை தெருவோரக் கழிவுத்தண்ணீர்க் கானுக்குள் போனது, அதை எடுக்கப் போனவரின் செருப்பும் கானோடு போனது, ஒரு நாய் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தது. மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள். வேறு யாரோ ஒரு பிள்ளைக்கு நடந்த கதையைக் கேட்பதுபோல இருந்தது. கதை முடிந்ததும் திறப்பைக் கொடுத்துவிட்டு, "நாய் என்ன நிறம்?" என்று கேட்டாள். "கறுப்பு" என்றார் அவர்.

விழுந்த நேரம் மட்டும் மறந்திருந்தால் பரவாயில்லை. அதற்கு முன்னும் பின்னும் பல விடயங்கள் அவளிடம் தங்காமல் போய்க்கொண்டிருந்தன. மாலையில் தாய் சமைக்கும்போது குசினிக்குள் கூட இருந்து ஏழாம் வாய்ப்பாட்டை முழுவதும் ஒப்புவிப்பாள். காலையில் கேட்டால் அப்படி ஒரு வாய்ப்பாடு இருப்பதே புதினமாக இருக்கும். ஒருமுறை நிலாவெளியில் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்க் கடலில் குளித்து, மகளின் செருப்பு வார் அறுந்து, பஸ்ஸில் திரும்பி வந்தோம். சில நாள் கழித்து அறுந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை ஆர் அறுத்தது?" என்று சண்டைக்கு நின்றாள்.

"நிலாவெளியில நீதானே அறுத்தனி" என்றாள் தாய்.

"நாங்கள் நிலாவெளிக்குப் போனனாங்களா?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அறுந்த வாரை விரலில் சுற்றினாள்.

"நல்லா இருந்ததா?"

"நல்லா இருந்தது" என்றேன் நான்.

"அப்ப திரும்பப் போவம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனோம். அது அவளுக்கு நினைவிருக்கிறது.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு மிஸி இருக்கிறார். டொக்டர் பார்த்து முடிந்த பிறகு எந்தக் குளிசையை எப்போது விழுங்குவது என்று விளக்கம் சொல்லும் தாதி. அவரிடம் இந்த ஞாபக மறதியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். வாசலில் இருந்து அவரது மேசை வரைக்கும் அந்தக் கேள்வியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது. மகள்தான் கேட்டாள்.

"மிஸி, நான் படிக்கிறது ஏன் தங்குதில்ல? நான் மொக்கா?"

"ஆர் சொன்னது மொக்கெண்டு? நீங்கள் கம்பியூட்டரில ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறீங்கள். பாதியில கரண்ட் போகுது. எழுதினதுக்கு என்ன நடக்கும்?"

"அழிஞ்சிடும்."

"அது உங்கட பிழையா?"

"இல்ல. கரண்ட்காரற்ற பிழை."

மிஸி சத்தமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஆறுதலாக விளக்கினார். விழுகிற வலிப்பு மட்டும்தான் எங்களுக்குத் தெரிகிறது. சும்மா முழித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரிச் சின்னதாகவும் வரும், நித்திரையிலும் வரும். அப்போதெல்லாம் அந்த நேரத்தில் கேட்டது, படித்தது பதியாமல் போகலாம். குளிசையும் சில பிள்ளைகளை மந்தமாக்கும். அதற்காக நாங்களாகக் குளிசையை நிற்பாட்டக்கூடாது, டொக்டரிடம் சொல்ல வேண்டும். நல்ல நித்திரை வேண்டும்.

"ஒரேயடியாப் படிப்பிக்காதேங்கோ ஐயா. கொஞ்சமாச் சொல்லுங்கோ, விட்டிட்டுத் திரும்பக் கேளுங்கோ. மறந்தா ஏசாம இன்னொருக்காச் சொல்லுங்கோ. இன்னொண்டு, இந்தக் கையில இரும்பு வைக்கிற வேலையை விடுங்கோ. அதால ஒண்டும் நிக்காது. வாய்க்குள்ளயும் ஒண்டும் வைக்கப்படாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ துணி வச்சு, மணிக்கூட்டைப் பாருங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா உடன கொண்டு வாங்கோ."

கொஞ்சமாகச் சொல்லி விட்டுப் பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. படகுக்கு ஒட்டுப் போடும்போதும் ஒரு படை பூசி, அது இறுகின பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் எல்லாம் சேர்ந்து கழன்றுவிடும். ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டிரண்டு வரியாகப் பிடித்தோம். சில வரிகள் நின்றன. நிற்காதவற்றைத் திரும்பப் பூசினோம்.

இரும்பு வேண்டாம் என்ற செய்தியை என் மனைவி ஒரு பின்னேரத்தில் தெரு முழுவதும் பரப்பிவிட்டாள். அவளுக்கு அது சுலபம். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு பிழை வரும் என்று அவளோ நானோ மிஸியோ நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஓர் இரும்புச்சாமான் கடை இருக்கிறது. பூட்டு, ஆணி, பெயின்ற், கயிறு எல்லாம் இருக்கும். கடைக்காரர் முஸ்லிம், அண்ணன் என்கிற முறையில் எல்லோருக்கும் அவர் நானா. கிண்ணியாவிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து கடை திறப்பார். ஒரு நாள் காலை என் மகள் அவர் கடைப் படியில் விழுந்தாள். என் மனைவி சொல்லிக் கொடுத்தபடியே அவர் எல்லாம் செய்தார். ஒருக்களிக்க வைத்தார், தன் தோள் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், இரும்பு எதுவும் கொடுக்கவில்லை. வலிப்பு கெதியாக நின்றுவிட்டது. எனக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். நான் படகை அராவுகிற மெசினின் சத்தத்துக்குள் இருந்தேன், கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் படியில் இருந்துவிட்டு, "நான் போட்டு வாறன்" என்று எழும்பியிருக்கிறாள். அவள் பள்ளிக்கூட வாசலுக்குள் போகும்வரை அவர் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். பிள்ளை பயந்துவிடும் என்று எதுவும் சொல்லவில்லை.

வகுப்பில் ரீச்சர், ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்டிருக்கிறார். நேரே வந்தேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மனதில் அவள் நேரேதான் வந்தாள். "பொய் ரீச்சர், இவ கடைப்படியில இருந்தவ" என்று ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது. மகள் இல்லவே இல்லை என்று நின்றாள். ரீச்சர் என் மனைவியைக் கூப்பிட்டனுப்பினார். மறதியைப் பொறுக்கலாம், பொய்யைப் பொறுக்க ஏலாது என்றார். சுகமாகும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள், அடுத்த வருடம் திரும்ப இதே வகுப்பில் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

மனைவி வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "எனக்கும் அதுதான் நல்லம் போல கிடக்கு. ஒவ்வொரு நாளும் அவள் படலையைத் தாண்ட எனக்கு நெஞ்சு அடிக்குது" என்றாள்.

மகள் சோற்றைத் தொடவில்லை. "நான் பொய் சொல்லேல்ல" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் விருப்பம். எனக்கு இருந்ததைவிடக் கூட விருப்பம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு, வீட்டில் வைத்திருக்கிற ஒரு வருடம் எப்படி நீளும் என்று தெரியும்.

அப்போதுதான் ஃபோனில் நானாவின் அழைப்பைக் கண்டேன். எழும்பி அவர் கடைக்குப் போனேன்.

"நான் எடுத்தேனே தம்பி! புள்ளைக்கு வந்திச்சி. நீங்க செல்லித் தந்த மாதிரியே பாத்தன். மறுகா அவ நல்லா எழும்பி நடந்து போனா. ஏன், என்ன சங்கதி?"

நான் திரும்பி வந்து மகளிடம் சொன்னேன். அவள் எழும்பி இருந்தாள்.

"அப்ப எனக்கு வந்ததா? ஏன் திறப்புத் தரேல்ல?"

"மிஸி வேண்டாமெண்டு சொன்னவ பிள்ளை" என்றாள் தாய்.

"வரேக்க வேண்டாமம்மா. முடிஞ்சாப் பிறகு தரட்டும். கையில திறப்பு இருந்தாத்தானே எனக்கு வந்ததெண்டு எனக்குத் தெரியும். போய்க் கேப்பன். ரீச்சருக்கும் சொல்லியிருப்பன்."

நாங்கள் நிற்பாட்டியது மருந்தை அல்ல. அவளுக்குச் செய்தி சொல்லுகிற ஒன்றை.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நானாவிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் மேசைக்குக் கீழிருந்து ஒரு தகரப் பேணியை இழுத்தார். பூட்டுத் தொலைந்த திறப்புகள்.

"அள்ளுங்க தம்பி. இதுகளுக்குப் பூட்டில்ல. ஒங்கட மகளுக்காவது ஒதவட்டும்."

படகுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற் என்னிடம் பல நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு திறப்பின் தலையிலும் ஒவ்வொரு நிறம் பூசினேன். நீலம் நானாவுக்கு, சிவப்பு ஓட்டோச் சந்திக்கு, மஞ்சள் கோயிலடியில் பூ விற்கும் அம்மாவுக்கு, பச்சை காலையில் அப்பம் சுடும் அக்காவுக்கு. நிறத்தைப் பார்த்ததும் எங்கே விழுந்தேன் என்று அவளுக்கே தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

இதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை மனைவியிடம் விட்டிருக்கலாம். அவள் கையை விரித்துவிட்டாள். "நான் இரும்பு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு, இப்ப திறப்போட போனா என்னை விசரியெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் போங்கோ."

அப்பம் சுடும் அக்காவின் கடையில் சனம் குறையும்வரை எதிர்ப்பக்க மதிலோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, அப்பமோ? முட்டை போடவோ?"

"ஓம்" என்றேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. முட்டை அப்பத்தைத் தின்று முடித்த பிறகுதான் வாய் திறந்தது. பிள்ளைக்கு வரும்போது ஒன்றும் கொடுக்க வேண்டாம், எல்லாம் முடிந்து தெளிந்த பிறகு இதைக் கையில் கொடுங்கோ, திரும்பி வந்து கேட்டால் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கோ. சொல்லி முடித்தபோது முதுகு நனைந்திருந்தது.

"இவ்வளவுதானே? இதுக்கோ அங்க அவ்வளவு நேரமா நிண்டனீங்கள்?" என்றார் அவர்.

ஓட்டோத் தம்பி சிவப்புத் திறப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லதாப் போச்சண்ண. இனி என்ட திறப்பு தப்பும். இவங்களுக்கும் தள்ளுற வேலை மிச்சம்."

எல்லாம் கொடுத்து முடிந்த பின்னேரம் மகளை இருத்தி நிறங்களைக் கேட்டேன். "நீலம் ஆர்ட?" யோசித்தாள். "பூக்கார அம்மாட?" இரண்டிரண்டாகச் சொல்லிப் பார்த்தோம், விட்டுப் பிடித்தோம். அடுத்த நாள் நீலம் ஓட்டோவுக்குப் போயிருந்தது, பச்சை எங்கேயும் இல்லை. ஞாபகம் தங்காத பிள்ளைக்கு ஞாபகம் வைக்கிற ஒரு வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

"அதுக்கென்னப்பா" என்றாள் மகள். "திறப்பைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டு போனா, அதுக்கு உரிய ஆக்கள் ஓம் எண்டு சொல்லுவினம்தானே."

ரீச்சரிடம் மனைவி போய்க் கதைத்தாள். நானாவும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போய் நடந்ததைச் சொன்னார். பொய் என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் வீட்டில் வைத்திருக்கிற கதை முடியவில்லை. இந்தப் பள்ளித் தவணைப் பரீட்சை முடியும்வரை பார்ப்போம் என்றார் ரீச்சர். மனைவியும் அதையேதான் சொன்னாள். மகள் தினமும் படலையைத் தாண்டினாள். இரண்டு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

தவணை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, அவள் கையில் பச்சைத் திறப்போடு வகுப்புக்குள் போயிருக்கிறாள். ரீச்சர் பிந்தினதைப் பற்றிக் கேட்கும் முன்னமே திறப்பை நீட்டினாளாம்.

"ரீச்சர், எனக்கு வந்திருக்கு. எங்கயெண்டு தெரியாது. ஆரோ திறப்புத் தந்திருக்கினம். வீட்டுப்பாடம் செய்தனானோ எண்டும் தெரியாது. பாத்துச் சொல்லுங்கோ."

ரீச்சர் கொப்பியை எடுத்துப் பார்த்தார். செய்திருந்தாள். அவளை மேசையில் தலை வைத்துப் படுக்கச் சொன்னார். அன்று படிப்பித்ததை, விடுவதற்கு முன் இன்னொருமுறை சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும், "வா, இது ஆர்ட எண்டு பாப்பம்" என்று அவளோடு தெருவில் இறங்கிவிட்டார்.

இதையெல்லாம் பிறகு பல பேர் எனக்குச் சொன்னார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ரீச்சர், பக்கத்தில் திறப்பைத் தூக்கிப் பிடித்தபடி என் மகள். நானா, "என்ட நீலமெல்லோ" என்றார். ஓட்டோத் தம்பி, "சிவப்பு இங்க சும்மா கிடந்து துருப்பிடிக்குது ரீச்சர், எங்களுக்கு ஒரு வேலையுமில்ல" என்றார். பூக்கார அம்மா ரீச்சரின் தலைக்கு ஒரு முழம் பூ கொடுத்தார். கடைசியில் அப்பம் சுடும் அக்காவின் வீடு. அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தவர் எழும்பி வந்து, "ஓம், என்ட" என்றார். இருவரையும் இருத்தி பிளேன்டி கொடுத்து, காலையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். இடையில் மகளைவிட ரீச்சர்தான் கூடக் கேள்வி கேட்டாராம்.

நான் வேலை முடிந்து வந்து முற்றத்தில் கைகழுவிக்கொண்டு நின்றபோது இருவரும் படலைக்குள் வந்தார்கள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் ஈரக் கையோடு நின்றேன்.

"வீட்டில வச்சிருக்கத் தேவையில்ல ஐயா" என்றார் ரீச்சர். "அடுத்த வருசம் மற்றப் பிள்ளைகளோடயே மேல போகட்டும். இவக்கு நான் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிச் சொல்லிக் குடுக்கிறன். வகுப்பில விழுந்தாலும் விழுவாதானே. எனக்கும் ஒரு திறப்பு வேணும்."

பேணியில் சில திறப்புகள் மிச்சம் இருந்தன. மகள் கிண்டிக் கிளறி நீளமான ஒன்றை எடுத்தாள். வெள்ளைப் பெயின்ற் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பூசி, கம்பியில் கொழுவி, வேலியில் தொங்கவிட்டேன். படகுப் பெயின்ற் லேசில் காயாது. ரீச்சர் வெறுங்கையோடு போக விருப்பமில்லை என்றார். கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். அவர் இருந்தார். மகள் உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டாள். வேறு ஒருவரும் இல்லை.

பெயின்ற் காயும்வரை யாராவது கதைக்கத்தானே வேண்டும். நான் சந்தியில் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்த அந்தக் கறுத்த நாயிலிருந்து தொடங்கினேன்.